பேட்டரி தீர்ந்த மூன்று நாட்கள்: ஜெர்மனியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜெர்மனியின் தெற்கே, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு சிறு நகரம். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ஒன்றரை வருடமாகக் குடியிருக்கும் கணவன், மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. 2023 நவம்பர் 16 அன்று மனைவியின் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். 90 நாள் விசா. வயது எழுபதுக்கு மேல். இரண்டு காதிலும் காது மெஷின். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். காலையும் மாலையும் வீட்டிலேயே பிபி பார்த்து நோட்டில் எழுதி வைப்பது பழக்கம்.

நான் இவர்களுக்குப் பக்கத்துத் தெரு. மின்னணுக் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை என்பதால், வீட்டில் ஏதாவது ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மற்றபடி எழுதச் சம்மதித்தார்கள். அம்மா என்னிடம் நேராகவே சொன்னார்: "எழுதுங்க தம்பி. என்னை மாதிரி பிள்ளைகளைப் பார்க்க வர்றவங்க நிறையப் பேரு இருக்காங்க."

ஒரு வீட்டில் எத்தனை பேட்டரி ஓடுகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த வீட்டில் பிறகு எண்ணிப் பார்த்தோம். புகை அலாரம் மூன்று, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் மாட்டிய எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கூட்டிக் குறைப்பது) ஐந்து, பிபி மெஷின், இரண்டு ரிமோட், சுவர்க் கடிகாரம், சமையலறைத் தராசு, குழந்தையின் பாட்டுப் பொம்மைகள், மவுஸ், டார்ச், அப்புறம் அம்மாவின் காது மெஷின். அதாவது ஆறு வகைப் பேட்டரிகள். ஊரில் இருந்தபோது தெருமுனைக் கடையில் "பென்சில் செல் ரெண்டு குடுங்க" என்றால் போதும், கடைக்காரர் எதற்கு என்று கேட்டு எடுத்துக் கொடுப்பார். இங்கே கேட்க ஆள் கிடையாது. அட்டையைப் படித்து நாமே எடுக்க வேண்டும், அட்டையோ ஜெர்மனில் இருக்கும்.

வாங்கியது எப்படி

அக்டோபரில் கணவர் ஆன்லைனில் ஒரு மொத்தப் பொதி வாங்கினார். 40 ஏஏ செல்லும் (ஊரில் பென்சில் செல் என்பது), புகை அலாரத்துக்கான 9 வோல்ட் செல் நான்கும். மலிவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பக்கத்தில் இருந்த ஜெர்மன் வார்த்தைகளுக்கு நடுவே அவருக்குப் பளிச்சென்று புரிந்தது "சூப்பர் ஹெவி டியூட்டி" என்ற இங்கிலீஷ் வார்த்தைதான். பெரிய வேலைக்குத் தாங்கும் என்று எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

காது மெஷினுக்கு அம்மா ஊரிலிருந்தே ஐந்து அட்டை கொண்டுவந்தார். அட்டைக்கு ஆறு, மொத்தம் 30 செல். ஊரிலிருக்கும் அவர் மகன் கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருந்தார். ஊரில் ஒரு ஜோடி ஏழு நாள் வரும், 15 ஜோடிக்கு 105 நாள், விசாவோ 90 நாள்தான். கணக்கில் பிழை இல்லை.

கவனித்தவை

முதலில் முரண்டு பிடித்தது பிபி மெஷின். டிசம்பர் முதல் வாரம் பட்டன் அழுத்தினால் மோட்டார் ஓடும், கையில் சுற்றிய பட்டை பாதி இறுகும், அப்படியே நின்றுவிடும். திரையில் பேட்டரிப் படம் மின்னும். புதிதாக நான்கு செல் போட்டார்கள். மூன்று நாள் ஓடியது, மறுபடி அதே கதை. இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு விளைவு இருந்தது. பேட்டரிப் படத்துக்கு அம்மாவுக்கு அர்த்தம் தெரியாது. தன் ரத்த அழுத்தம் மெஷினே தாங்காத அளவுக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறார். மகள் கேட்ட பிறகுதான் சொன்னார்: "எனக்கு அவ்வளவு ஏறிடுச்சாடி? மெஷினே நின்னுபோயிடுதே."

இரண்டாவது, நடைவழியில் மாட்டியிருந்த புகை அலாரம். டிசம்பர் 8 விடிகாலை மூன்றரை மணி வாக்கில் நிமிடத்துக்கு ஒரு தடவை "பீப்" என்றது. காலையில் நின்றுவிட்டது. அடுத்த ராத்திரி மறுபடி. கணவர் பொதியிலிருந்த புதிய 9 வோல்ட் செல்லை மாட்டினார். ஐந்து நாள் அமைதி, அப்புறம் அதே நேரத்துக்கு அதே சத்தம். குழந்தை எழுந்து அழவே, அலாரத்தைக் கழற்றி செல்லை எடுத்துவிட்டுச் செருப்பு ஷெல்ஃபின் மேல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஜனவரி 2 வரை அந்த வீட்டின் நடைவழியில் புகை அலாரம் கிடையாது. இந்த நிகழ்வில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். படுக்கையறைகளும் குழந்தை அறையும் அந்த நடைவழியில்தான் திறக்கின்றன.

மூன்றாவது காது மெஷின். ஊரில் ஏழு நாள் வந்த ஜோடி, இங்கே வந்த முதல் வாரமே மூன்று நாளில் தீர்ந்தது. பிறகு இரண்டு நாள். சில செல்கள் போட்ட அன்றே "டிங் டிங்" என்று குறைவுச் சத்தம் கொடுத்தன. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று விட்டுவிட்டார்கள். கையிலிருக்கும் அட்டை வேகமாகக் குறைகிறது என்பதை யாரும் எண்ணவில்லை.

டிசம்பர் 24 காலை கடைசி ஜோடி நின்றது. வந்து 38 நாள், 30 செல்லும் காலி. 2023-ல் டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும், 25-ம் 26-ம் கிறிஸ்துமஸ் விடுமுறை. கணவர் இரண்டு பெட்ரோல் பங்குக்குப் போய்ப் பார்த்தார். ஏஏ இருந்தது, காது மெஷின் செல் இல்லை.

அந்த மூன்று நாளும் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. 25-ம் தேதி மாலை நான் போயிருந்தேன். ஊரிலிருந்து வீடியோ காலில் பேரப்பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். அம்மா ஃபோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "பாட்டி சாப்பிட்டீங்களா?" என்று ஒரு பையன் மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் தலையாட்டினார். ஃபோனை வைத்த பிறகு மகளைப் பார்த்து, "என்ன கேட்டான்?" என்றார்.

ஜனவரி 1: மேசையில் கொட்டிப் பார்த்தது

27-ம் தேதி கடை திறந்ததும் கணவர் ஒரு ட்ரோகெரிக் கடையில், அதாவது சோப்பு ஷாம்பு விற்கிற கடையில், காது மெஷின் செல் மூன்று அட்டை வாங்கிவந்தார். அந்த முதல் ஜோடி நான்கு நாள் வந்தது. முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் ஏழு இல்லை. ஜனவரி 1 விடுமுறை. வீட்டிலிருந்த எல்லா பேட்டரியையும், காலி அட்டைகளையும், பிபி மெஷினின் கையேட்டையும் மேசையில் பரப்பி உட்கார்ந்தோம்.

முதல் வேலையாக, பொதியில் வந்த ஒரு ஏஏ செல்லைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 17 கிராம். என் பையிலிருந்த அல்கலைன் ஏஏ செல்லை வைத்தேன். 23 கிராம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு. கையில் வாங்கிப் பார்த்த அம்மாதான் முதலில் சொன்னார், "இது நம்ம ஊரு டார்ச் செல் மாதிரி லேசா இருக்கு" என்று. சரியாகச் சொன்னார். அது துத்தநாகம்-கார்பன் வகை. "ஹெவி டியூட்டி", "சூப்பர் ஹெவி டியூட்டி" என்பதெல்லாம் அந்தப் பழைய வகைக்கே போடும் பெயர்கள். அல்கலைன் பரவலாவதற்கு முன்னால், அந்த வகைக்குள் சற்று மேம்பட்டதுக்கு வைத்த பெயர் இன்றைக்கும் அட்டையில் நிற்கிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை. செல்லின் மேலேயே சிறிய எழுத்தில் ஆர்6 என்று அச்சிட்டிருந்தது.

அந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் எந்த நாட்டுக் கடையிலும் மொழி தெரியாமலே செல் வாங்கலாம். இது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், அதாவது ஐஇசி வகுத்த முறை. 6 என்ற எண் ஏஏ அளவைக் குறிக்கும், 03 என்பது ஏஏஏ. முன்னால் வரும் எழுத்துத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். வெறும் ஆர்6 என்றால் துத்தநாகம்-கார்பன். எல்ஆர்6 அல்கலைன். எஃப்ஆர்6 லித்தியம். எச்ஆர்6 ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை. ஜெர்மன் கடையில் அட்டையின் முகப்பில் ஏஏ-வை "மின்யோன்" என்றும், ஏஏஏ-வை "மிக்ரோ" என்றும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், எங்காவது ஒரு மூலையில் எல்ஆர்6 இருக்கும்.

பிபி மெஷின் ஏன் நின்றது என்பது இப்போது தெளிவு. காற்றடிக்கும் மோட்டார் ஒரேயடியாக நிறைய மின்னோட்டம் இழுக்கும். அப்படி இழுக்கும்போது துத்தநாகம்-கார்பன் செல்லின் வோல்டேஜ் படுத்துவிடும். செல்லில் இன்னும் பாதி உயிர் இருந்தாலும், மோட்டார் கேட்கிற வேகத்தில் அதனால் கொடுக்க முடியாது. மெஷினிலிருந்து எடுத்த அதே நான்கு செல்லில் ஒன்றைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டேன், ஓடியது. அம்மாவின் ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

அலாரத்திலும் அதே விஷயம். 9 வோல்ட் செல்லில் அல்கலைன் என்றால் 6எல்ஆர்61 என்று இருக்கும். பொதியில் வந்ததில் 6எஃப்22 என்று இருந்தது, அது துத்தநாகம்-கார்பன். அலாரத்தின் உள்மூடியில் எந்த வகை போடலாம் என்று அச்சிட்டிருந்ததில் அது இல்லவே இல்லை. விடிகாலையில் மட்டும் கத்தியதற்கும் காரணம் உண்டு. ராத்திரி ஹீட்டரைக் குறைத்துவிடுவார்கள், மூன்று நான்கு மணிக்கு நடைவழிதான் வீட்டிலேயே அதிகக் குளிரான இடம். குளிரில் செல்லுக்குள் வேதிவினை மந்தமாகும், வோல்டேஜ் எச்சரிக்கை எல்லைக்குக் கீழே இறங்கும். காலையில் சூடேறியதும் மேலே வந்துவிடும். சத்தம் தானாக நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

அலாரத்தைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உற்பத்தி ஆண்டு 2014. இந்த மாநிலத்தில் பழைய வீடுகளிலும் 2014 முடிவதற்குள் புகை அலாரம் மாட்டச் சட்டம் சொன்னது, அப்போது மாட்டியதாக இருக்கும். இந்த அலாரங்களுக்குப் பத்து வருடம்தான் ஆயுள், அதற்குப் பிறகு செல்லை மாற்றினாலும் நம்பக்கூடாது. இங்கே அலாரம் பொருத்துவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. அது வேலை செய்கிற நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது, வீட்டுக்காரர் தானாக ஏற்காத வரை, குடியிருப்பவர் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. இவர்களுக்கும் தெரியவில்லை.

காது மெஷின் செல்லின் கதை

இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. காரணம் ஒன்றல்ல, நான்கு.

இந்தச் செல் மற்றவை போல இல்லை. உள்ளே துத்தநாகம் மட்டும் இருக்கும். அதோடு சேர வேண்டிய ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து வரவேண்டும். அதற்காக செல்லின் தட்டையான பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் உண்டு, அவற்றை மூடித்தான் கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கரை உரித்ததும் செல் உயிர்பெறும். திரும்ப ஒட்டினாலும் முழுதாக உறங்காது. செல்லின் அளவுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர் நிறம், அது உலகம் முழுக்க ஒன்றுதான்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். அம்மாவுடையது 312. கணவர் 27-ம் தேதி கடையில் ஒரு வார்த்தை பேசாமல் பழுப்பு நிறத்தைப் பார்த்தே சரியான அட்டையை எடுத்துவந்தார்.

முதல் காரணம், ஊரிலிருந்து வந்த அட்டைகளில் மூன்றின் பின்பக்கத் தேதி 2023 ஆகஸ்டோடு முடிந்திருந்தது. சில செல்களில் ஸ்டிக்கரின் ஓரம் ஏற்கனவே தூக்கியிருந்திருக்கிறது, காலி அட்டையில் அந்தப் பசைத் தடம் தெரிந்தது. போட்ட அன்றே சத்தம் கொடுத்தவை அவையாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அம்மா ஸ்டிக்கரை உரித்த கையோடு செல்லை மெஷினுக்குள் போட்டு மூடிவிடுவார். காற்று உள்ளே போக சில நிமிடம் விட வேண்டும். ஊரிலும் அவர் அப்படித்தான் செய்துவந்தார், அங்கே ஏழு நாள் வந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது, வந்த வாரமே மகள் ஆசையாக காது மெஷினை ப்ளூடூத் வழியாக ஃபோனோடு இணைத்துக் கொடுத்திருந்தார். ஊரில் அந்த வசதியை அவர் பயன்படுத்தியதே இல்லை. இங்கே தனியாக இருக்கும் பகல் முழுக்க சாமி பாட்டும், மாலையில் வீடியோ காலும் நேராகக் காதுக்குள். ப்ளூடூத் ஓடும்போது மெஷின் வழக்கத்தைவிட அதிகம் இழுக்கும்.

நான்காவது காரணம் காற்று. ஓட்டை வழியாக ஆக்சிஜன் உள்ளே போவது போலவே, ஈரம் வெளியேயும் போகும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறை எலும்பு போலக் காய்ந்துவிடும். அன்றைக்கு வரவேற்பறையில் என் ஈரப்பதமானி 27 சதவீதம் காட்டியது. திருச்சி வீட்டில் அந்த எண்ணை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். செல்லுக்குள் இருக்கும் நீர் காய்ந்துவிட்டால் துத்தநாகம் மிச்சமிருந்தும் பயனில்லை.

நான்கில் எது எவ்வளவு நாளைத் தின்றது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தே சரிசெய்தோம்.

எடுத்த முடிவுகள்

பிபி மெஷினுக்கு எல்ஆர்6 அல்கலைன் மட்டும். ரீசார்ஜ் செல் போடலாமே என்று கணவர் கேட்டார். அந்த மெஷினின் கையேடு அல்கலைனையே சொல்கிறது, ரீசார்ஜ் செல்லின் 1.2 வோல்டை அதன் பேட்டரிக் காட்டி எப்படிப் படிக்கும் என்பது தெரியாது. மருத்துவக் கருவியில் அந்தச் சோதனை வேண்டாம் என்றேன். ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்களின் கையேடும் அதையே சொன்னது. அங்கேயும் வால்வைத் தள்ள ஒரு சின்ன மோட்டார் உண்டு. பத்து செல்லையும் மாற்றினார்கள்.

எந்த கம்பெனி என்பதில் இவர்கள் ரொம்ப யோசித்தார்கள். ஊரில் விளம்பரத்தில் பார்த்த பெயர்தான் வேண்டும் என்பது மனைவியின் எண்ணம். என் கருத்து வேறு. ஜெர்மனியில் 1964 முதல் இயங்கும் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற பொருள் சோதனை அமைப்பு ஏஏ செல்களையும் சோதித்து வெளியிடுகிறது. சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் மலிவு அல்கலைன் செல்கள் அதில் நன்றாகவே வந்ததுண்டு. எனவே பக்கத்து சூப்பர் மார்க்கெட்டின் சொந்த முத்திரை எல்ஆர்6. தேதி குறைந்தது ஐந்து வருடம் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நல்ல அல்கலைனில் பத்து வருடம் வரைகூடத் தேதி போட்டிருப்பார்கள்.

பொம்மை, மவுஸ், டார்ச்சுக்கு ரீசார்ஜ் செல். இங்கே ஐக்கியா என்ற ஃபர்னிச்சர் கடைக்குப் போனால் அல்கலைன் ஏஏ கிடைக்காது, 2021-ல் உலகம் முழுக்க விற்பதை நிறுத்திவிட்டார்கள், அங்கே உள்ளது லட்டா என்ற ரீசார்ஜ் வகை. இவர்கள் எனெலூப் எட்டு செல்லும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்தும் சார்ஜர் ஒன்றும் வாங்கினார்கள். பழைய ரீசார்ஜ் செல்களை அலமாரியில் வைத்தாலே சில மாதத்தில் தானாக வடிந்துவிடும். அதைச் சரிசெய்து 2005-ல் சான்யோ கொண்டுவந்ததுதான் எனெலூப், இப்போது பானசோனிக்கின் கையில் இருக்கிறது. விலை முதலில் உறுத்தும். ஆனால் குழந்தையின் பொம்மை வாரத்துக்கு நான்கு செல் தின்கிற வீட்டில் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மிஞ்சிய ஆர்6 செல்களைக் குப்பையில் போடவில்லை. சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் அவை போதும், துளித்துளியாக இழுக்கும் பொருளுக்கு அதுவே ஏற்றது. ஒரே எச்சரிக்கை: இந்த வகையில் வெளிக்கூடே துத்தநாகம்தான், பயன்படப் பயன்பட அது மெலியும், கசியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கவேண்டும்.

அலாரத்துக்கு ஜனவரி 2 காலை 6எல்ஆர்61 வாங்கி மாட்டி, பட்டனை அழுத்திச் சோதித்து, வீட்டுக்காரருக்கு உற்பத்தி ஆண்டின் படத்தோடு மெயில் அனுப்பினார்கள். அலாரத்தில் ரீசார்ஜ் செல் போடக்கூடாது என்பதையும் கணவர் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தார்.

காது மெஷினுக்கு: உரித்தபின் ஐந்து நிமிடம் காத்திருப்பது, ராத்திரி மூடியைத் திறந்து வைப்பது, பகல் பாட்டை ஸ்பீக்கரில் கேட்பது, ப்ளூடூத் வீடியோ காலுக்கு மட்டும், காற்றில் ஈரம் ஏறத் துணியை வரவேற்பறையிலேயே உலர்த்துவது. அதோடு அம்மாவே ஒன்று சேர்த்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த மாதக் காலண்டரில், செல் மாற்றிய நாளின் கட்டத்தில் அந்தப் பழுப்பு ஸ்டிக்கர் இரண்டையும் ஒட்டத் தொடங்கினார். எழுத வேண்டாம், பேனா தேட வேண்டாம். ஜனவரிப் பக்கத்தில் ராகு காலத்துக்கும் பிரதோஷத்துக்கும் நடுவே இரண்டு இரண்டாகப் பழுப்புப் பொட்டுகள்.

ஜனவரி 10: குழந்தையின் கையில் ஒரு செல்

அன்று மாலை அம்மா செல் மாற்றினார். பழைய இரண்டையும் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, புதியவற்றின் ஸ்டிக்கரை ஒட்டக் காலண்டரிடம் போனார். மகள் சமையலறையிலிருந்து வந்தபோது குழந்தையின் கையில் ஒரு செல். இன்னொன்றைக் காணோம்.

எனக்கு ஃபோன் வந்தது. காலண்டரை வைத்து எண்ணினால் டிசம்பர் 27-லிருந்து போட்டவை எட்டு. இரண்டு இப்போது காதில். அப்படியென்றால் பழையவை ஆறு இருக்க வேண்டும். தீர்ந்ததைப் போட்டுவைக்கும் ஜாடியில் நான்கு, கையில் ஒன்று. ஒன்று நிச்சயமாகக் குறைகிறது. பத்து நிமிடத் தேடலுக்குப் பிறகு சோபாவுக்கு அடியில் கிடைத்தது. ஆறும் சரியானது.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. நான் "தேடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஒருவர் தேடும்போதே மற்றவர் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும், அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். தொண்டைக்குக் கீழே சிக்கிய பட்டன் செல் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அதிக ஆபத்து 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் செல்லில், அதாவது இவர்கள் வீட்டுத் தராசிலேயே இருக்கும் சிஆர்2032-ல். காது மெஷின் செல் சிறியது, பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனாலும் எங்கே இருக்கிறது என்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் புண்ணாகும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை லித்தியம் பட்டன் செல்லை விழுங்கிவிட்டால், ஆஸ்பத்திரி போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கச் சொல்கிறார்கள் விஷமுறிவு மைய மருத்துவர்கள். குழந்தையால் விழுங்க முடிந்தால் மட்டும், தேனுக்காகப் புறப்படுவதைத் தள்ளிப்போடாமல். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. இந்த மாநிலத்துக்கான விஷத் தகவல் மையம் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதன் எண்ணும் அவசர எண் 112-ம் அன்றிரவே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டன.

ஜாடிக்கு அழுத்தித் திருகும் மருந்து மூடி வந்தது, மேல் அலமாரிக்குப் போனது. தராசின் செல் மூடி கையால் திறக்கிற மாதிரி இருந்ததால், தராசையே திருகு வைத்த மூடி உள்ளதாக மாற்றினார்கள்.

அதன் பிறகு

பிபி மெஷின் ஜனவரி 2-ல் போட்ட நான்கு செல்லோடு அம்மா கிளம்பும்வரை ஓடியது. அம்மா மறுபடி உப்புப் போட்டுச் சாப்பிட்டார். நோட்டில் இருந்த அளவுகள் அவருக்கு ஊரில் வழக்கமாக வருபவைதான்.

காது மெஷினில் டிசம்பர் 31-ல் போட்ட ஜோடியிலிருந்து கணக்கு: எட்டு ஜோடி, 42 நாள். பெரும்பாலும் ஐந்து நாள், இரண்டு தடவை ஆறு. ஊரின் ஏழு நாளை எட்டவில்லை. அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு மேல் ஒருநாளும் போகவில்லை, ப்ளூடூத்தும் தினம் ஒரு மணி நேரம் ஓடியது. மிச்சம் அதற்கே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரர் மார்ச்சில் மூன்று அலாரத்தையும் மாற்றிக் கொடுத்தார். புதியவை பத்து வருட லித்தியம் உள்ளேயே அடைத்தவை, செல் மாற்றும் வேலை இல்லை.

தீர்ந்த செல்கள் எல்லாம் சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் சேகரிப்புப் பெட்டிக்குப் போயின. பேட்டரி விற்கும் கடை பழையதை இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே சட்டம், வீட்டுக் குப்பையில் போடக்கூடாது. 9 வோல்ட், லித்தியம் செல்களின் முனையில் டேப் ஒட்டித்தான் போட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒன்றின் முனை இன்னொன்றில் பட்டால் தீப்பிடிக்கலாம்.

இனி மாற்ற வேண்டியவை

அம்மா வருவதற்கு முன்பே காது மெஷின் செல்லை இங்கே வாங்கி வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவருவதில் லாபமே இல்லை. இந்த மாநிலத்திலேயே எல்வாங்கன் என்ற ஊரில் வார்ட்டா கம்பெனி காது மெஷின் செல்களைத் தயாரிக்கிறது, அம்மா எட்டாயிரம் கிலோமீட்டர் சுமந்து வந்த பொருள் பக்கத்துத் தெரு சோப்புக் கடையில் இரண்டு மூன்று யூரோவுக்குக் கிடைக்கிறது. கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் தேதியைப் பார்த்து, ஓரம் தூக்காத அட்டையாக, கைப்பையில்.

கடைசி ஒரு அட்டையைத் தொடாமல் வைப்பது என்ற வழக்கம் இருந்திருந்தால் அந்த மூன்று நாள் நேர்ந்திருக்காது. இப்போது வீட்டில் இரண்டு பெட்டி. ஒன்று எடுப்பதற்கு. மற்றதில் நான்கு எல்ஆர்6, ஒரு 6எல்ஆர்61, ஒரு அட்டை 312. அதிலிருந்து எடுத்தால் அடுத்த வேலைநாளே வாங்கி நிரப்ப வேண்டும்.

புகை அலாரத்தை எக்காரணம் கொண்டும் கழற்றி வைக்கக்கூடாது. சத்தம் தாங்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் ஒரு 9 வோல்ட் செல் கடன் கேட்கலாம், என்னிடம் கேட்டிருந்தால் அன்று ராத்திரியே கொண்டுவந்திருப்பேன்.

எனக்கும் ஒரு மாற்றம் உண்டு. செல்லை நிமிர்த்திப் பிடித்து மேசைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலிருந்து போட்டு, துள்ளினால் காலி, துள்ளாவிட்டால் புதுசு என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2015-ல் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அல்கலைன் செல் பாதி தீர்ந்ததுமே முழுத் துள்ளலுக்கு வந்துவிடுகிறது, அதற்குமேல் மாறுவதில்லை. துள்ளினால் புதுசு இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். பிபி மெஷினுக்கு அந்தச் சோதனையை நம்பியிருக்கக் கூடாது, வோல்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை அந்த வீட்டிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

2024 பிப்ரவரி 11 அன்று அம்மா கிளம்பினார். பைக்குள் அந்தக் காலண்டரைச் சுருட்டி வைத்திருந்தார். பிப்ரவரிக் கடைசியில் மகள் வீடியோ காலில் எனக்கும் காட்டினார்: திருச்சி வீட்டுச் சுவரில் அதே காலண்டர், 12-லும் 19-லும் 26-லும் இரண்டிரண்டு பழுப்பு ஸ்டிக்கர்.